தும்பறை மலையும் அதனைச் சூழ்ந்த மாந்தரும்

மாத்தளை, கண்டி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் தும்பறை மலைத்தொடரை, மடக்கிய கையின் கணுக்களை ஒத்த சிகரங்கள் கருதி ஆங்கிலேயர் 'நக்கிள்ஸ்' என வழங்கினர். 1,900 மீற்றருக்கு மேல் உயரும் இம்மலையின் வரலாறு, அதன் அடிவாரத்து மாந்தரின் வரலாற்றினின்றும் பிரித்தறியத்தக்கதன்று.

1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கியது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. சிங்களக் கிராமத்தவர் தம் நிலத்தை இழந்தனர். 1848 இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணமாயினும், இவ்விழப்பும் அதன் பின்னணியில் இருந்தது. அதே காலத்தில் தமிழகத்துத் தொழிலாளர் மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாய் மாத்தளையை அடைந்தனர். பசிக்கும் கொள்ளைநோய்க்கும் இரையாகி வழியிலேயே மாண்டோர் பலர். 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியத் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காட்டு மரநிழலில் ஏலமும் பயிராயிற்று.

1873 இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகள் காக்கப்பட்டன. ஈண்டு ஓர் ஒப்பீடு பயன்தரும். சுவிற்சர்லாந்தின் ஆல்ப்சு மலைக் கிராமமான தோர்பெலில், குளிர்காலத்தில் தன்னாற் பேணக்கூடிய அளவுக்கு மேல் எவரும் பசுக்களை மேய்ச்சலுக்கு அனுப்பலாகாது என 1517 இலேயே விதி வகுக்கப்பட்டது. ஆங்கு மலைக்கு எல்லை வகுத்தோர் அம்மலையில் வாழ்ந்தோரே. தும்பறையிலோ, எல்லை வகுத்தோர் ஆட்சியாளர். அதற்குக் கட்டுப்பட்டோர் குடியிருந்தோர்.

இவ்வேறுபாடு பின்னரும் தொடர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இலங்கையர் ஆக்கவும் வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை தீர்மானிக்கப்படவில்லை. மலையோ 2000 ஆம் ஆண்டிற் பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று; 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மக்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. ஆயினும், தலைமுறைகளாக வாழும் இலயன் அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றும் மிகப்பல.

காட்டைப் பேணுதல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், மலையை மரபுரிமையாகப் போற்றும் நாடு, அதன் சாரலை உழைப்பால் உருவாக்கியோரின் நில உரிமையையும் அம்மரபுரிமையின் பகுதியாக ஏற்றல் வேண்டும். அதுவே வரலாறு கூறும் நீதியாகும்.