பாத அழுத்த சிகிச்சை: கம்பம் பள்ளத்தாக்கு

பாத அழுத்த சிகிச்சை (ரிஃப்ளெக்ஸாலஜி) என்பது, உள்ளங்காலில் குறிப்பிட்ட இடங்களை அழுத்தினால் அவற்றுக்குரிய உள்ளுறுப்புகள் சீராகும் என்ற கருத்தில் செய்யப்படும் துணை மருத்துவ முறை. தேனி மாவட்டத்தில் இது தனித்து வேர்பிடித்ததில்லை. அக்குபிரஷர், அக்குபங்சர் பேச்சோடு கலந்தே அறிமுகமானது.

எகிப்தின் சக்காராவிலுள்ள அங்க்மாஹோர் கல்லறைச் சிற்பத்தைக் காட்டி, 4,000 ஆண்டுப் பழமை என்பார்கள். அது கைகால் நகம் திருத்தும் காட்சியாகவும் இருக்கலாம். உறுதியான வரலாறு 20ஆம் நூற்றாண்டுக்குரியது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு உடலைத் தலை முதல் கால் வரை 10 நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து, எட்வின் பவர்ஸுடன் சேர்ந்து 1917இல் நூலாக்கினார். 1930களில் யூனிஸ் இங்காம் பாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உறுப்புப் படம் வரைந்தார். அதன்படி கால் கட்டைவிரல் தலை. பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்பு. கல்லீரல் வலது பாதத்தில். பயிற்றுநருக்குப் பயிற்றுநர் இந்தப் படம் மாறுவதே இதன் பெரிய பலவீனம்.

செய்முறை எளியது. சிகிச்சையாளர் ஒரு கையால் பாதத்தைத் தாங்கி, மறு கைப் பெருவிரலின் கணுவை மடக்கி நிமிர்த்தி, கம்பளிப்பூச்சி போல அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். வலிக்கும் இடத்தில் நின்று அழுத்துவார். அந்த வலியை உறுப்பின் கோளாறாகப் படிப்பதுதான் சர்ச்சைக்குரியது. நாள் முழுதும் நின்றவரின் பாதம் எங்கே தொட்டாலும் வலிக்கும்.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் மலையேறும் பெண்களுக்குக் கால் வலிக்குக் குறைவில்லை. ஆனால் காசு கொடுத்துப் பாதம் பிடித்துவிடச் சொல்பவர்கள் பெரும்பாலும் மலைக்கு மேலே, குமுளியின் மசாஜ் நிலையங்களுக்கு வரும் தேக்கடிப் பயணிகள். கம்பத்தில் மாற்று மருத்துவம் என்றதும் நினைவுக்கு வருபவர் எழுத்தாளரும் அக்குபங்சர் பயிற்றுநருமான அ. உமர் பாரூக், ‘உடலின் மொழி’ அவருடைய நூல். அக்குபங்சர் சீன மருத்துவத்தின் சக்தி நாளங்களை நம்புவது. ஃபிட்ஸ்ஜெரால்டின் மண்டலங்களோடு அதற்கு உறவில்லை. திருவிழாக் கடைகளில் விற்கும் முள் உருளைகளோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

மாற்று மருத்துவ முறைகள் குறித்த மத்திய அரசின் 2003 நவம்பர் ஆணைக்கு முன் நிபுணர் குழு ஆராய்ந்த முறைகளில் ரிஃப்ளெக்ஸாலஜியும் ஒன்று. அக்குபங்சரும் ஹிப்னோதெரபியும் சிகிச்சை முறைகளாக ஏற்கப்பட்டன, இது ஏற்கப்படவில்லை. எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009இல் வெளியிட்ட மதிப்பாய்வு 18 சோதனைகளை அலசி, எந்த நோயையும் இது குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்றது. ஆஸ்திரேலியா 2019 ஏப்ரலில் இதற்கான தனியார் காப்பீட்டு மானியத்தை நிறுத்தியது. களைப்பும் மன இறுக்கமும் தணிவதாகப் பலர் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை. நல்ல மசாஜ் எதுவும் அதைச் செய்யும்.

நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அழுத்தம் உறைக்காது. புண் பட்டாலும் தெரியாது. காலில் புண், ரத்தக்கட்டு, திடீர் வீக்கம் உள்ளவர்கள் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் முதலில் போக வேண்டும்.