ஏரி வாரியமும் நம் தண்ணீர்த் தொட்டியும்



தொட்டியில் கசிவு, மோட்டார் ரிப்பேர், நீச்சல்குளத்தில் பாசி என்று எல்லாம் வந்த பிறகுதான் நாம் கூட்டம் போடுகிறோம். நம் சேவூருக்குக் கிழக்கே உள்ள உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேறு வழி கண்டார்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே இன்றும் உள்ளன. ஊரின் 30 குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது.

ஏரிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? கரை மண்ணால் ஆனது. ஒரு எலி வளை போதும். மழை வெள்ளம் அதன் வழியே அரித்துக் கரையையே உடைத்துவிடும். கோடையில் அதை அடைக்கச் சில கூடை மண் போதும். ஐப்பசியில் உடைந்தால் ஊரின் நெல்லே போய்விடும். அதனால்தான் கோடையிலேயே தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, மதகையும் கலங்கலையும் பார்த்து வைக்கும் குடிமராமத்து தமிழகத்தில் வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில் அது தளர்ந்தது. ஆங்கிலேயர் 1858இல் சட்டம் போட்டும் பழையபடி நிமிரவில்லை.

நம் தொட்டி கான்கிரீட்தான். ஆனால் விரிசலுக்கும் இன்று ஒரு விலை, மழைக்குப் பிறகு ஒரு விலை. நமக்கும் ஒரு வாரியம் வேண்டும்: 6 பேர், ஓராண்டு, கணக்கு அறிவிப்புப் பலகையில். உங்கள் பெயரைத் தருவீர்களா?