ஒரே வரியில் நகரும் பட்டை

கன்சோல் நிரலில் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் எழுத்துப் பட்டையின் வரலாறு டைப்ரைட்டரில் தொடங்குகிறது. காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் பழகியவர்கள் வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளுவார்கள். உருளை தொடக்கத்துக்குத் திரும்பும். கூடவே தாள் ஒரு வரி மேலேறும். இந்த இரண்டையும் தந்தித் துறை தனித்தனிக் குறிகளாகப் பிரித்தது. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் ஆஸ்கி அட்டவணை 1963-இல் வெளிவந்தது. அதில் தொடக்கத்துக்குத் திரும்புவதற்கு எண் 13, அடுத்த வரிக்கு எண் 10. பதின்மூன்றை மட்டும் அனுப்பினால் அதே வரியின் மேலேயே மறுபடி எழுதலாம். பட்டையின் சூட்சுமம் முழுவதும் இதுதான்.

அன்றைய அச்சு முனையமான டெலிடைப் 33, நொடிக்கு 10 எழுத்து வீதம் தாளில் அச்சிட்டது. அச்சானதை அழிக்க முடியாது. ஆகவே புள்ளிகளை அடுக்கிக்கொண்டே போவதுதான் வழி. 80 பத்திகளும் 24 வரிகளும் கொண்ட விடி100 திரை 1978-இல் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கோப்புகளை அனுப்பும் யூனிக்ஸின் எஃப்.டி.பி. நிரல் 1024 பைட்டுக்கு ஒரு # குறி போட்டது. வேலை நடக்கிறது என்பது தெரியும். எவ்வளவு பாக்கி என்பது தெரியாது. காத்திருப்பவருக்கு வேண்டியது பின்னதே. முடிந்த சதவீதத்தைக் காட்டுவதன் அவசியத்தை 1985-இல் பிராட் மையர்ஸ் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்.

காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியின் புதுச்சேரி என்.ஐ.டி. போன்ற இடங்களில் சி மொழி படிக்கும் மாணவர் இத்தகைய பட்டையைச் சில வரிகளில் எழுதிவிடலாம். ஆனால் சறுக்கும் இடங்கள் உண்டு. வரி முடியாதவரை வெளியீடு இடைத்தேக்கத்திலேயே கிடக்கும். எஃப்ஃப்ளஷ் கட்டளையால் அதைத் தள்ளிவிடாவிட்டால் திரை வெறுமையாக இருந்து, கடைசியில் 100% மட்டும் தோன்றும். புதிய வரி பழையதைவிடக் குட்டையானால் பழைய எழுத்தின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் அத்தனை பட்டைகளும் ஒரே வரியாகக் குவியும். நல்ல நிரல் எதிரில் இருப்பது திரைதானா என்று பார்த்த பிறகே பட்டை வரையும்.

தமிழில் தலைப்பிட்டால் இன்னொரு சிக்கல். கன்சோல் எல்லா எழுத்துக்கும் சம அகலக் கட்டம் ஒதுக்குகிறது. 'ர'வும் 'ணை'யும் அதில் ஒன்றுபோல் அடங்குவதில்லை. பட்டையின் வலது விளிம்பு கோணலாகிவிடும். பட்டையை முதலில் வரைந்து, தமிழ்ச் சொல்லை வரியின் கடைசியில் வைத்தால் விளிம்பு நேராக நிற்கும்.