காந்த நுண்ணுயிரிகள்
சேற்றிலும் நீரடி வண்டலிலும் வாழ்ந்து, உடலுக்குள் மேக்னடைட் படிகம் வளர்க்கும் பாக்டீரியாக்கள். ரிச்சர்ட் பிளேக்மோர் 1975இல் இவற்றை விவரித்தார். முதலில் செல்சவ்வு உள்மடிந்து நுண்பையாகிறது. மாம்ஐ, மாம்எல், மாம்கியூ, மாம்பி மரபணுக்கள் இதற்கு வேண்டும். மாம்பி, மாம்எம் புரதங்கள் பைக்குள் இரும்பைக் கடத்துகின்றன. படிகத்தின் அளவையும் வடிவையும் எம்எம்எஸ்6 போன்ற புரதங்கள் கட்டுப்படுத்த, மாம்ஜே துணையோடு மாம்கே இழையில் பைகள் சரமாகக் கோக்கப்படுகின்றன. வட அரைக்கோளத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்த காந்தப்புலம் இச்சரத்தின் வழியே பாக்டீரியாவை ஆக்சிஜன் குறைந்த அடிவண்டலுக்கு வழிநடத்தும். கேரளத்தின் பாறசாலை வட்டாரத்தில் அது நடக்காது. காந்த நடுக்கோடு அருகே செல்வதால் புலம் ஏறக்குறையக் கிடைமட்டம். இதே நிலையுள்ள பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் வடக்கு நாடுபவையும் தெற்கு நாடுபவையும் ஏறத்தாழச் சம அளவில் இருப்பதை ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்டனர்.