பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியாக ஏறத்தாழ 355 கிலோமீற்றர். அதே பலாலியிலிருந்து கொழும்பின் தென்புறத்தேயுள்ள இரத்மலானைக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தவருக்கு இரு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே தூரந்தான். இதனை வரைபடத்தில் அளந்து பார்க்கும் தேவை எனக்கு 2007ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. டகோட்டா வகையைச் சேர்ந்த அவ்விமானம் பலாலியில் இறங்கி, அதன்பின் சென்னைக்குச் சென்றது. நாடு சுதந்திரமடைய அப்போது இரண்டு மாதங்கள் இருந்தன. இலங்கையின் விமானசேவை பிறந்த நாளிலேயே பலாலி அதன் நடுத்தரிப்பாக விளங்கியது என்பதைப் பலர் இன்று மறந்துவிட்டார்கள்.

1970களின் இறுதியில் எயார் சிலோன் மூடப்பட்டது. பின்னர் போர் வந்தது, பலாலி படைத்தளமாயிற்று. உள்நாட்டு விமானங்கள் இடையிடையே பறந்தன. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்ததில் 55 பேர் மாண்டனர்.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, என் அம்மான் கண் சிகிச்சைக்காகச் சென்னை செல்லவேண்டியிருந்தது. பயண அனுமதிக்கு வாரக்கணக்கில் காத்திருந்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பை அடைந்தார். வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்கவே எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டு ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தபோதிலும் அச்சம் நீங்கவில்லை. ஆகவே கொலன்னாவையிலிருந்த எங்கள் வீட்டில் அவரைத் தங்கவைத்தேன். அதுவும் அமைதியான இடமன்று. ஏப்ரல் 29ஆம் திகதி இரவில்தான் அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை நோக்கிப் புலிகளின் விமானங்கள் குண்டு வீசியிருந்தன.

அம்மானைக் கட்டுநாயக்காவில் வழியனுப்பிவிட்டு வந்து, வரைபடத்தை விரித்தேன். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு அடிமட்டத்தால் ஒரு கோடு இழுத்தேன். அக்கோடு யாழ்ப்பாணத்தின் மேலாகவே சென்றது! எத்தனையோ நாட்கள் அலைந்து தெற்கே வந்த மனிதர், தமது வீட்டு முற்றம் இருக்கும் திசைக்கே திரும்பி, அதனையும் தாண்டிப் போகவேண்டியிருந்தது.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11ஆம் திகதி சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12ஆம் திகதி மீண்டும் ஆரம்பமாயிற்று. பயணம் ஒன்றரை மணிநேரத்துக்கும் குறைவு. அதனைக் காண அம்மான் உயிரோடு இருக்கவில்லை.

பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று வெளிநாட்டிலிருக்கும் இளைய உறவினர்கள் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது.