வந்தோர் வளர்த்த வண்ணை

யாழ்ப்பாணப் பண்பாடு பற்றிப் பேசுவோர், அதனைக் கடலாற் சூழப்பட்டுத் தன்னுள்ளேயே முதிர்ந்ததொரு மரபாகக் கொள்வது வழக்கம். யாழ்ப்பாண நகரின் ஒரு பகுதியாகிய வண்ணார்பண்ணையின் வரலாறு இக்கருத்தை மீள நோக்கத் தூண்டுகின்றது. தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய மக்கள் வாழ்ந்த அயல் அது. யாழ்ப்பாணத்தின் தனித்துவத்திற்குச் சான்றாக இன்று காட்டப்படுவனவற்றுட் பல அங்கேதான் உருப்பெற்றன.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்தம் கோட்டையைச் சார்ந்து வணிகம் பெருகிற்று. யானை, சங்கு, புகையிலை ஆகியன இங்கிருந்து சென்றன. அரிசியும் துணியும் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தன. இக்கொடுக்கல் வாங்கலின் வழியே வந்த செட்டிமார் பலர் கோட்டைக்கு வடக்கேயுள்ள வண்ணார்பண்ணையிற் குடியமர்ந்தனர். அவர்களுள் கோபாலச் செட்டியார் குடும்பம் குறிப்பிடத்தக்கது.

பொருளோடு கல்வியும் கடல் கடந்தது. தமிழகத்திலிருந்து வந்த துறவியாகிய கூழங்கைத் தம்பிரானைக் கோபாலச் செட்டியார் ஆதரித்துத் தம் மகன் வைத்திலிங்கச் செட்டியாருக்கு ஆசிரியராக்கினார். நன்னூலுக்கு உரை கண்ட அத்தம்பிரானிடம் இருபாலைச் சேனாதிராய முதலியார் பாடங்கேட்டார். முதலியாரிடம் ஆறுமுக நாவலர் கற்றார். ஈழத்துத் தமிழ்ப் புலமையின் தலையாய மரபொன்று இவ்வாறு ஒரு வணிகர் மனையின் விருந்தோம்பலோடு தொடர்புற்றிருத்தல் நோக்கற்பாலது.

அந்நியர் ஆட்சியிற் சைவ வழிபாடு நெடுங்காலம் ஒடுக்கப்பட்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கெடுபிடி தளர்ந்தபோது, வைத்திலிங்கச் செட்டியார் வண்ணை வைத்தீசுவரன் கோயிலை எழுப்பினார். சோழநாட்டுத் தலமொன்றின் பெயரே இக்கோயிலுக்கு இடப்பட்டது. விட்டு வந்த மண்ணின் நினைவு, வந்த மண்ணில் வேரூன்றுதற்கான கருவியுமாயிற்று. அக்கோயிலிலேயே 1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, நாவலர் தம் சைவப் பிரசங்கங்களைத் தொடக்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை வண்ணையிலேயே தோன்றியது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் அவ்விடத்திலேயே நிலைபெற்றது. இந்நிலையிற் செட்டிமாரை அந்நியர் என்று கூறுவார் எவரையும் காண்டல் அரிது.

எனினும் இவ்வரவேற்பு எல்லோர்க்கும் உரியதாகவில்லை. செட்டிமார் முதலோடு வந்தனர். கோயில் எழுப்பும் ஆற்றல் அவர்களுக்கிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் மலையகத் தோட்டங்களுக்குச் சென்றோர் தம் உழைப்பையன்றி வேறெதனையும் கொண்டுவரவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த சட்டங்களும் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கின. அவ்வேளை யாழ்ப்பாணத்தின் தலைவர்கள் ஒருமுகமாக நின்றாரல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த ஜி.ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பின்னர் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். சா.ஜே.வே. செல்வநாயகம் இரண்டையும் எதிர்த்து நின்று, 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். மொழியும் சமயமும் ஒன்றாயிருந்தும், முன்வந்தோர்க்குக் கிட்டிய உரிமை பின்வந்தோர்க்குக் கிட்டவில்லை. வேறுபாடு வருகையின் காலத்திலும் வர்க்கத்திலும் இருந்ததேயன்றிக் குருதியில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தாரும் பிற நாடுகளில் வந்தேறிகளாய் வாழ்ந்தவர்களே. பிரித்தானியர் காலத்தில் மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் பணியாற்றிய அவர்கள், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் நிலைகொண்டனர். 1983இன் பின்னர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் எழுப்பியோர், வைத்திலிங்கச் செட்டியார் வண்ணையிற் செய்ததையே செய்கின்றனர். அந்நாடுகளில் தமக்கு எவ்வுரிமையை வேண்டுகின்றனரோ, அதனையே தம் மண்ணுக்கு வருவோர்க்கும் வழங்குதல் அவர்தம் கடனாகும். அக்கடனை யாழ்ப்பாணம் ஒருமுறை நிறைவேற்றியது, மறுமுறை மறந்தது. வண்ணையின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே நினைவூட்டுகின்றது.