தபாலில் பயணம் செய்த மண்

போன வருடம் கோடையில், இடுப்பில் வேட்டி இறுக்கிக் கட்டும் இடத்தில் படர்தாமரை வந்தது. மருந்துக்கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். நாலே நாளில் அரிப்பு நின்றது. பூசுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு வாரத்தில் முன்னைவிடப் பெரிதாகப் படர்ந்து தொடை வரை இறங்கிவிட்டது.

தோல் மருத்துவரிடம் அந்த டியூபைக் காட்டினேன். "சார், இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளர விடும். பூஞ்சையில எத்தனையோ ஜாதி. ஒண்ணுக்குக் கேக்குற மருந்து இன்னொண்ணுக்குக் கேக்காது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை மனதில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். தபால் இலாகாவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். இந்த மருந்துகளின் கதையில் தபாலுக்கும் பெரிய பங்கு உண்டு என்று தெரிந்ததும் விடவே மனமில்லை.

1940களில் பென்சிலின் வந்து பாக்டீரியாக்களை ஒடுக்கியது. ஆனால் பாக்டீரியா காலி செய்த இடத்தில் பூஞ்சை குடியேறியது. நோயாளிகளின் வாயிலும் குடலிலும் வெள்ளையாகப் படிந்தது. அதற்கு மருந்து தேடியவர்கள் இரண்டு பெண்மணிகள். இருவரும் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள். எலிசபெத் ஹேசன் இருந்தது நியூயார்க் நகரத்தில், ரேச்சல் பிரவுன் இருந்தது ஆல்பனியில். பல ஊர் மண்ணிலிருந்து ஹேசன் நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையைக் கொல்பவற்றைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். கடைசியில் வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர் ஒருவருடைய பால் பண்ணை மண்ணில் விடை கிடைத்தது. 1950இல் அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயராலேயே நிஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். ராயல்டியாக வந்த 1.3 கோடி டாலருக்கும் மேலான பணத்தில் இருவரும் தங்களுக்கென ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் நிஸ்டாட்டினை ஊசியாகப் போட முடியாது, உடம்புக்கு விஷம். இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. உயிரின வம்சாவளியில் பூஞ்சை செடிகளைவிட நமக்கு நெருங்கிய உறவு, பங்காளி மாதிரி. பங்காளி வீட்டை இடித்தால் நம் சுவரும் ஆடுமல்லவா? அதனால் நம்மிடம் இல்லாமல் அதனிடம் மட்டும் இருப்பதைத் தேடித் தாக்க வேண்டும். நம் செல்லின் உறையில் இருப்பது கொலஸ்டிரால், பூஞ்சையின் உறையில் எர்கோஸ்டிரால். மருந்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் இருக்கின்றன. வேறு சில பூஞ்சையின் வெளிச்சுவரைத் தாக்குகின்றன.

பூஞ்சைகளும் ஒன்றுபோல் இல்லை. வாயில் வெள்ளையாகப் படியும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படும். அதன் தாயாதி கேண்டிடா குரூசி பிறவியிலேயே அந்த மருந்தை மதிக்காது. மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸிடம் வெளிச்சுவரைத் தாக்கும் மருந்துகள் பலிப்பதில்லை. 2021இல் கொரோனாவோடு வந்து நம்மை நடுங்க வைத்த கரும்பூஞ்சையும் அப்படித்தான். ஃப்ளூகோனசோல் அதனிடம் செல்லாது. அதனால்தான் ஆம்போடெரிசின் ஊசிக்காக ஊர் ஊராக ஜனங்கள் அலைந்தார்கள். 1950களில் வெனிசுலாவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணிலிருந்து வந்த மருந்து அது. அந்த ஆம்போடெரிசினுக்கே அசையாத ஆஸ்பர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்ற பூஞ்சையும் உண்டு.

இதெல்லாம் பிறவிக் குணம். நாம் கற்றுக்கொடுத்த குணமும் உண்டு. நெதர்லாந்தில் பயிரிலும் டுலிப் கிழங்கிலும் பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள். அதுவும் மருத்துவர் கொடுக்கும் மருந்தும் ஒரே குடும்பம். மண்ணிலிருந்த ஆஸ்பர்ஜில்லஸ் அதற்குப் பழகிக்கொண்டது. மருந்தையே தொட்டிராத நோயாளியின் நுரையீரலிலும் எதிர்ப்போடு வந்து உட்கார்ந்தது. 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கண்டுபிடித்த கேண்டிடா ஆரிஸ், இன்று பல நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை மிரட்டுகிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் கவலைக்குரிய பூஞ்சைகள் என்று 19 பெயர்களைப் பட்டியலிட்டபோது, ஆரிஸை முதல் வரிசையில் வைத்தது.

நம் நாட்டுப் பங்கும் இருக்கிறது. படர்தாமரைக்குத் தரும் டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு பூஞ்சை இந்தியாவில் பரவலாகிவிட்டது. அதன் பெயரிலேயே நம் நாட்டைச் சேர்த்து டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்கிறார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கண்டபடி பூசுவதும், பாதியில் மருந்தை விடுவதும் அது பரவ வழி செய்ததாக மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் டியூப் ஞாபகத்துக்கு வந்து கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இந்த முறை அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரையை விடவில்லை. இரண்டு பெண்கள் ஜாடி ஜாடியாய்த் தபாலில் அனுப்பித் தேடித் தந்த வழி இது. கையில் இருக்கும் மருந்துகளோ சில வகைகள்தான். அவற்றை நாலு நாள் அரிப்புக்காகக் கெடுத்துவிடக் கூடாது.